ஒட்டு பிடித்ததா? கார்பன் நானோபொருளை மருத்துவத்துக்குப் பக்குவப்படுத்த ஒரு தொடக்க வழிகாட்டி

குலசேகரம் பக்கம் ரப்பர் நர்சரி பார்த்தவர்களுக்கு ஒட்டுக் கட்டுவது தெரியும். நாற்றின் பட்டையில் ஒரு சின்னக் கதவு போலக் கீறி, நல்ல மரத்திலிருந்து எடுத்த மொட்டுப் பட்டையை அதற்குள் வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார்கள். மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்த்து, மொட்டுப் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. பழுப்பு தெரிந்தால் இத்தனை நாளும் அது வெறுமனே கட்டி வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

கார்பன் நானோபொருளின் மேல் ஒரு மூலக்கூறை இணைப்பதும் இதே வேலைதான். கட்டுவதற்கு ஒரு நாள் போதும். பிடித்ததா என்று சுரண்டிப் பார்க்கத்தான் மாதங்கள் ஆகும். எம்.எஸ்சி. புராஜெக்ட் தொடங்குகிறவர்களும் பிஎச்.டி. முதல் வருடத்தில் இருக்கிறவர்களும் பெரும்பாலும் கட்டுவதிலேயே மனத்தை வைத்து, சுரண்டுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் இந்த வழிகாட்டியில் சுரண்டுகிற பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ய ஒரு தனிக் காரணமும் உண்டு. வாய்ப்புற்று நம் ஊருக்குப் பழைய நோய். நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஓர் (Orr) என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933-லேயே லான்செட் இதழில் எழுதியிருக்கிறார். என் பெரியம்மாவுக்கும் அது வந்தது. விடியற்காலை வண்டி பிடித்துத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கு அவர்களோடு போய்வந்த நாட்களில்தான், மருந்து உடம்பு முழுக்கப் பரவாமல் கட்டிக்கு மட்டும் போய்ச் சேர வழி இருக்கிறதா என்று முதன்முதலில் யோசித்தேன். அந்தக் கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை. இந்தத் துறையில் பலரும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தக் கார்பனில் தொடங்குவது

கார்பன் நானோபொருள் என்பது ஒரு குடும்பத்தின் பெயர். 60 கார்பன் அணுக்கள் பந்துபோலச் சேர்ந்த ஃபுல்லரீனை 1985-ல் கண்டுபிடித்தார்கள். 1991-ல் ஜப்பானின் சுமியோ இஜிமா நானோகுழாய்களைப் பற்றி எழுதினார். 2004-ல் மான்செஸ்டரில், ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனைப் பிரித்தெடுத்தார்கள். அதே 2004-ல் அமெரிக்காவில் நானோகுழாய்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு குழு, பிரிந்து வந்த அழுக்கில் ஒளிர்கிற துணுக்குகள் இருப்பதைப் பார்த்தது. அதைத்தான் இன்று கார்பன் டாட் என்கிறோம். வேறொன்றைக் கழுவப்போய்க் கிடைத்த பொருள் இது. கழுவும் தண்ணீரையும் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

புதிதாக வருகிறவர்கள் கார்பன் டாட்டில் தொடங்குங்கள் என்பதே என் யோசனை. அதன் அளவு பெரும்பாலும் 10 நானோமீட்டருக்குள். தண்ணீரில் கரையும், கொதிக்கும் அமிலம் தேவையில்லை, புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்வதால் எங்கே போகிறது என்பது கண்ணுக்கே தெரியும். நானோகுழாயும் கிராஃபீன் ஆக்சைடும் இரண்டாம் வருடத்துக்கு இருக்கட்டும்.

சரி, எதிலிருந்து செய்வது? சிரட்டைக்கரி, நேந்திரங்காய்த் தோல், மட்டிப்பழம், கருப்பட்டி என்று நம் ஊர்ப் பொருள்களை மாணவர்கள் ஆசையோடு கொண்டு வருவார்கள். கார்பனும் ஆக்சிஜனும் உள்ள எதிலிருந்தும் டாட் வரும் என்பது உண்மைதான். நீரில் கலந்த உலோகத்தைக் கண்டறிவது போன்ற வேலைக்கு அவை தாராளமாக உதவும். மருத்துவத்துக்கு என்றால் முதல் தொகுதியை அதில் செய்ய வேண்டாம். ஆடி மாதத்துப் பழத்தோலும் தை மாதத்துப் பழத்தோலும் ஒன்றல்ல. அதில் உள்ள பொட்டாசியம், பூச்சிமருந்தின் மிச்சம் எல்லாம் சேர்ந்து உள்ளே வரும். நாளை ஒரு செல் செத்தால் டாட்டால் செத்ததா, தோலில் இருந்த ஏதோ ஒன்றால் செத்ததா என்று சொல்ல முடியாது. சிட்ரிக் அமிலத்தில் தொடங்குங்கள். கைபழகின பிறகு சிரட்டைக்கு வரலாம்.

பாட்டிலைத் திறக்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவிட்டுத்தான் தராசுக்குப் போக வேண்டும். இந்தப் பொருள் உடம்பில் என்ன வேலை செய்யப்போகிறது? எந்த வழியாக உள்ளே போகும்? வேலை முடிந்ததும் எப்படி வெளியே வரும்?

மூன்றாவதைத்தான் யாரும் எழுதுவதில்லை. ரத்தத்தில் செலுத்தும் துகளின் விட்டம் ஏறக்குறைய 5.5 நானோமீட்டருக்குள் இருந்தால் சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றிவிடும் என்று 2007-ல் குவாண்டம் டாட் என்ற ஒளிரும் குறைக்கடத்தித் துகள்களை வைத்துக் காட்டினார்கள். அதைவிடப் பெரியவை பெரும்பாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கும். நீங்கள் 4 நானோமீட்டர் டாட் செய்து, அதன் மேல் பெக் (PEG) என்ற, நீரை விரும்பும் பாலிமரின் நீளமான சங்கிலியைச் சுற்றினால், தண்ணீரில் அதன் அளவு அந்த வரம்பைத் தாண்டிவிடும். பெக் போட்டால் ரத்தத்தில் அதிக நேரம் சுற்றும், வெளியேறுவது தாமதப்படும். எது வேண்டும் என்பதை நோய்தான் முடிவு செய்ய வேண்டும். படம் பிடித்துப் பார்க்க மட்டும் என்றால் சீக்கிரம் வெளியேறுவது நல்லது. மருந்து சுமக்க என்றால் கொஞ்சம் தங்க வேண்டும். வாய்க்குள் பூசுகிற ஜெல் என்றால் கணக்கே வேறு.

டாட் செய்வது

இந்தப் படி எளிது, சீக்கிரம் சொல்லிவிடலாம். சிட்ரிக் அமிலம் 1 கிராம், டீஅயனைஸ்டு தண்ணீர் 10 மில்லி, எத்திலீன்டையமின் சுமார் 0.3 மில்லி. எத்திலீன்டையமின் புகையும், மூக்கை எரிக்கும், அதனால் ஃப்யூம் ஹூடுக்குள் கலக்குங்கள். டெஃப்லான் உள்பாத்திரம் வைத்த ஸ்டீல் ஆட்டோகிளேவில் ஊற்றி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஓவனை நிறுத்தியபின் ராத்திரி முழுக்க அப்படியே ஆற விடுங்கள். சூட்டோடு திறந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் முகத்தில் பாயும். டெஃப்லானும் 220 டிகிரிக்கு மேல் தாங்காது, ஆகவே ஓவனின் தெர்மோஸ்டாட்டை வேறொரு தெர்மோமீட்டர் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் திறந்தால் பழுப்பு நிறக் கரைசல் இருக்கும். 365 நானோமீட்டர் யூவி டார்ச் காட்டினால் நீலமாக ஜொலிக்கும். நோட்டுக் கள்ளமா என்று பார்க்கிற அதே டார்ச்தான், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோரும் உடனே போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். பிடியுங்கள், சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒளி முழுவதும் டாட்டிலிருந்து வருகிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கழுவுவது

மரச்சீனிக் கிழங்கு அவிக்கும்போது முதல் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவார்கள் அல்லவா, கசப்பு அதில் இறங்கியிருக்கும் என்று. யாரும் அந்தத் தண்ணீரோடு சேர்த்துச் சாப்பிடுவதில்லை. டாட் கரைசலும் அப்படித்தான். சிட்ரிக் அமிலமும் எத்திலீன்டையமினும் சேரும்போது, துகள்களோடு கூடவே பிரகாசமாக ஒளிரும் ஒரு சிறு மூலக்கூறும் உண்டாகிறது. அதன் நீலமும் டாட்டின் நீலம் போலவே இருக்கும். கழுவாமல் விட்டால், நீங்கள் டாட் என்று நினைத்துச் செல்லுக்குள் அனுப்புவது பெரும்பாலும் அந்தச் சாயத்தைத்தான். செல்லுக்குள் ஒளி தெரியும், படம் அழகாக வரும், முடிவு மட்டும் தப்பாக இருக்கும்.

முதலில் நிமிடத்துக்கு 10,000 சுற்றில் 15 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்து அடியில் படிந்த கரித்துண்டுகளை நீக்குங்கள். மேலே இருப்பதை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். அப்புறம் டயாலிசிஸ் பை. ஏறக்குறைய 1,000 டால்டன் மூலக்கூறு எடைக்குக் குறைந்தவற்றை மட்டும் வெளியே விடும் பையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு முனையைக் கட்டி, கரைசலை ஊற்றி, மேலே கொஞ்சம் இடம் விட்டு மறு முனையையும் கட்டி, ஒரு லிட்டர் டீஅயனைஸ்டு தண்ணீரில் மிதக்க விட்டு மெதுவாகக் கலக்குங்கள். மேலே இடம் விடுவது முக்கியம், உள்ளே தண்ணீர் ஏறி பை உப்பும். கடலோரத்துக் கல்லூரிகளில் குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் உப்பு கலந்தவை. அவசரத்துக்குக்கூட அவற்றை ஊற்றக் கூடாது.

தண்ணீரை முதல் நாள் நான்கு தடவை மாற்றுங்கள், பிறகு காலை, மாலை என்று. எப்போது நிறுத்துவது? இரண்டு நாள் என்று கட்டுரைகளில் போட்டிருப்பதைப் பார்த்து நிறுத்தாதீர்கள். வெளித்தண்ணீரை குவெட் என்ற சிறு அளவைக் குப்பியில் எடுத்து இருட்டில் யூவி டார்ச் அடியுங்கள். நீலம் தெரிந்தால் இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. எட்டு மணி நேரம் மாற்றாமல் வைத்த தண்ணீரிலும் ஒளி இல்லை என்றால்தான் முடிந்தது. எனக்கு ஒரு தொகுதிக்கு ஐந்து நாள் ஆனது. பைக்குள் மீதி இருந்த ஒளி, தொடங்கியபோது இருந்ததில் பாதிகூட இல்லை. அன்று மனம் சோர்ந்துபோனது. பிறகுதான் புரிந்தது, அந்த மீதிதான் என் பொருள், வெளியே போனது எப்போதுமே என்னுடையதாக இருந்ததில்லை.

ஃப்ரீஸ் டிரையர் இருந்தால் பொடியாக்கி வையுங்கள். இல்லாத கல்லூரியில், 1 மில்லி கரைசலை எடை பார்த்த கிண்ணத்தில் உலர்த்தி, மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டு, மீதியைக் கரைசலாகவே ஃபிரிட்ஜில் வைக்கலாம். செறிவு தெரியாத கரைசலோடு அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஒட்டுக் கட்டுவது

எடுத்துக்காட்டுக்கு ஃபோலிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். சில புற்று செல்களின் மேற்பரப்பில், குறிப்பாகச் சினைப்பைப் புற்றில், ஃபோலேட்டைப் பிடிக்கும் ஏற்பிகள் மிக அதிகம். ஃபோலிக் அமிலத்தைச் சுமக்கும் துகள் அந்தச் செல்களுக்குள் எளிதாகப் போகும் என்பதுதான் எண்ணம்.

நம் டாட்டின் மேற்பரப்பில் அமீன் குழுக்கள் இருக்கின்றன, ஃபோலிக் அமிலத்தில் கார்பாக்சில் குழு இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் அமைடு பிணைப்பு. சும்மா கலந்தால் சேராது. கார்பாக்சிலை முதலில் ஈடிசி என்ற பொருளால் உசுப்ப வேண்டும். உசுப்பிய நிலை தண்ணீரில் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், என்எச்எஸ் என்ற இன்னொரு பொருளைச் சேர்த்து அதைக் கொஞ்சம் நிலைப்படுத்துவார்கள்.

தண்ணீரில் செய்கிறபோது உசுப்புவதற்கு பிஎச் 4.5 முதல் 6 வரை உகந்தது, பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்களில் (பஃபர்) எம்ஈஎஸ் நல்லது. அமீனோடு சேர்ப்பதற்கு 7.2 முதல் 8 வரை. ட்ரிஸ், கிளைசின், அசிடேட் பஃபர்களைத் தொடக்கூடாது. ட்ரிஸிலும் கிளைசினிலும் அமீன் உண்டு, அசிடேட்டில் கார்பாக்சில் உண்டு. உங்கள் ஈடிசி முழுவதும் பஃபரையே ஒட்டிக்கொண்டு தீர்ந்துவிடும். ஃபோலிக் அமிலம் தண்ணீரில், அதுவும் அமிலத் தண்ணீரில், சரியாகக் கரையாது. அதனால் கொஞ்சம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, அதிலேயே ஈடிசி, என்எச்எஸ் சேர்த்து, அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் கலக்கிவிட்டு, பிறகு பிஎச் 7.4-ல் இருக்கும் டாட் கரைசலில் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது வழக்கம். ராத்திரி முழுக்கக் கலங்கட்டும். வெளிச்சத்தில் ஃபோலிக் அமிலம் உடையும். உடைந்த துண்டு ஃபோலிக் அமிலத்தைவிட அதிகமாக ஒளிரும். மறுபடியும் ஏமாற ஒரு வாய்ப்பு.

நம் ஊர் மழைக்கு ஒரு எச்சரிக்கை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்கு உண்டு, காற்றில் ஈரம் குறைவதே அபூர்வம். ஈடிசி ஈரத்தைக் குடித்தால் செத்துப்போகும். மைனஸ் 20 டிகிரியில் வைத்த பாட்டிலை எடுத்ததும் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியோடு டெசிகேட்டரில் வையுங்கள். குளிர்ந்த பாட்டிலைத் திறந்தால் உள்ளே பனி பூத்து, அடுத்த முறை அந்தப் பாட்டில் வேலைக்கு ஆகாது. வாங்கும்போதே சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

சுரண்டிப் பார்ப்பது

என் முதல் ஃபோலிக் மாதிரியில் எல்லாமே அழகாக வந்தது. உறிஞ்சல் வரைபடத்தில் 280 நானோமீட்டர் பக்கம் ஃபோலிக் அமிலத்தின் மேடு. அகச்சிவப்பு ஒளியால் பிணைப்புகளைக் காட்டும் எஃப்டிஐஆரில் 1,650 (அலை எண், செ.மீ.⁻¹) பக்கம் அமைடு. துகளின் மேற்பரப்பு மின்னேற்றத்தைக் காட்டும் ஸீட்டா மதிப்பும் மாறியிருந்தது. துள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். வழிகாட்டிப் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஈடிசி போடாம ஒண்ணு செஞ்சு பாத்தியா மக்ளே?"

செய்யவில்லை. செய்து பார்த்தேன். அதே டாட், அதே ஃபோலிக் அமிலம், அதே இரவு, அதே கழுவல், ஈடிசியும் என்எச்எஸ்ஸும் மட்டும் இல்லை. அதிலும் 280-ல் மேடு வந்தது, உயரமும் ஏறக்குறைய அதேதான். நான்கு மாதமாக நான் வைத்திருந்தது ஒட்டு அல்ல, நாடா சுற்றிய பட்டை.

ஃபோலிக் அமிலத்தில் தட்டையான வளையங்கள் இருக்கின்றன. கார்பன் பரப்பில் அவை பிணைப்பே இல்லாமல் அடுக்கி ஒட்டிக்கொள்ளும். அமிலத் தன்மையுள்ள தண்ணீரில் டயாலிசிஸ் செய்தால் ஃபோலிக் அமிலம் பைக்குள்ளேயே படிந்து வெளியேற மறுக்கும். இரண்டும் என் மாதிரியில் நடந்திருந்தன. இப்போது நான் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: ஒவ்வொரு இணைப்புக்கும் ஈடிசி இல்லாத ஜோடி ஒன்றை அதே நாளில் செய்யுங்கள். முதல் டயாலிசிஸை லேசான காரத் தண்ணீரில், பிஎச் 8 அளவில் செய்யுங்கள். இரண்டு மாதிரிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே நீங்கள் இணைத்தது. வித்தியாசம் இல்லை என்றால் இணைப்பு இல்லை.

கருவிகளும் ஏமாற்றும். எஃப்டிஐஆருக்கு மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடோடு (கேபிஆர்) கலந்து வில்லை அழுத்துகிறோம். அந்த உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் 3,400 பக்கம் ஒரு பெரிய மேடும், 1,630 பக்கம் ஒரு சின்ன மேடும் தரும். முதலாவதை ஹைட்ராக்சில் என்றும் இரண்டாவதை அமைடு என்றும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மழைக்காலத்தில் வெறும் கேபிஆர் வில்லை ஒன்றை முதலில் எடுத்துப் பாருங்கள், அதிலேயே உங்கள் 'அமைடு' இருக்கும். உண்மையான அமைடு என்றால் 1,650-ஓடு 1,550 பக்கமும் ஒரு மேடு கூட வர வேண்டும். ஸீட்டா மதிப்பைச் சொல்லும்போது எந்தத் தண்ணீரில், எந்த பிஎச்சில் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அது இல்லாத எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

இன்னொன்று. மருந்தை ஏற்றுவது என்று வரும்போது இந்தக் கதை தலைகீழாகும். வழிகாட்டும் மூலக்கூறு உறுதியாகப் பிணைந்திருக்க வேண்டும், மருந்தோ உரிய இடத்தில் கழன்று விழ வேண்டும். டாக்சோரூபிசின் என்ற புற்றுமருந்தை நானோகுழாயிலும் கிராஃபீனிலும் பெரும்பாலும் பிணைப்பில்லாமல்தான் அடுக்குகிறார்கள். அமிலத் தன்மை கூடினால் அது கழலத் தொடங்கும். கட்டியைச் சுற்றிய இடமும், செல் உள்ளிழுத்த பைகளும் ரத்தத்தைவிடக் கொஞ்சம் அமிலமானவை என்பதால் இது பயன்படுகிறது. ஆகவே வெறுமனே ஒட்டியிருப்பது எப்போதும் குற்றமில்லை. ஒட்டியிருப்பதைப் பிணைந்திருக்கிறது என்று எழுதுவதுதான் குற்றம்.

நானோகுழாய்தான் வேண்டும் என்பவர்களுக்கு

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். நானோகுழாய்ப் பொடி பஞ்சைவிட லேசானது, விசிறி ஓடுகிற அறையில் பாட்டிலைத் திறந்தால் மூச்சோடு உள்ளே போகும். நீளமான பல்சுவர் நானோகுழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது ஆஸ்பெஸ்டாஸ் போன்ற அழற்சி வந்ததை 2008-ல் காட்டினார்கள். அவற்றில் எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற ஒரு வகையை, மனிதருக்குப் புற்று உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வு அமைப்பு 2014-ல் சேர்த்தது. என்95 முகக்கவசம், கையுறை, ஃப்யூம் ஹூட், சிந்தியதை ஈரத்துணியால் துடைப்பது. இதில் எதிலும் தளர்வு கூடாது.

கார்பாக்சில் குழுக்களைக் கொண்டுவர, அடர் கந்தக அமிலம் மூன்று பங்கு, அடர் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு கலந்து, அதில் குழாய்களைப் போட்டுச் சில மணி நேரம் சோனிகேட் செய்வார்கள் (மீயொலியால் குலுக்குவார்கள்) அல்லது 60, 70 டிகிரியில் சூடாக்குவார்கள். பழுப்பு நச்சுப் புகை எழும். முடிந்ததும் கலவையை ஐஸ் தண்ணீரில் மெல்ல ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. ரப்பர் பாலை உறையவைக்க ஆசிட் கலக்குகிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. இங்கே ஆசிட்டின் கோபம் பல மடங்கு அதிகம், அவ்வளவுதான். வடிகட்டி, வடிநீரின் பிஎச் 7 பக்கம் வரும்வரை கழுவுங்கள்.

இத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். அமிலம் குழாயை அரிக்கும்போது, உடைந்த கரித்துணுக்குகள் குழாயின் மேலேயே படிந்துகொள்கின்றன. நீங்கள் அளக்கும் கார்பாக்சில் குழுக்களில் பெரும்பகுதி அந்தத் துணுக்குகளில் இருக்கலாம். அதன் மேல் ஃபோலிக் அமிலத்தைக் கட்டினால், உடம்புக்குள் போனதும் துணுக்கோடு சேர்ந்து கழன்றுவிடும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு தடவை கழுவிப் பாருங்கள், வடிநீர் பழுப்பாக இறங்கும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு தண்ணீர். அமிலக் கழுவலில் இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற வினையூக்கி மிச்சங்களும் குறையும். எவ்வளவு மீதி என்பதை, சூடாக்கிக்கொண்டே எடை பார்க்கும் டிஜிஏ கருவியில் காற்றில் எரித்துச் சாம்பல் எடையால் அறியலாம்.

இவ்வளவு பாடுபடுவதற்கு ஒரு பலன் உண்டு. கார்பாக்சில் ஏற்றிய நானோகுழாய்களை, நம் வெள்ளணுக்களில் உள்ள மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி மெல்லச் சிதைக்கக்கூடும் என்று 2010-ல் காட்டியிருக்கிறார்கள். ஆக மேற்பரப்பை மாற்றுவது கரைவதற்கு மட்டுமல்ல, போய்ச் சேர்ந்தபின் அழிவதற்கும் உதவலாம்.

செல்லுக்குக் கொடுக்கும் முன்னும் பின்னும்

தண்ணீரில் தெளிவாக நின்றது ரத்தத்தில் நிற்க வேண்டும் என்பதில்லை. உப்புச் சேர்ந்த பஃபரான பிபிஎஸ்ஸில் ஒரு குப்பி, 10 சதவீத சீரம் கலந்த செல் வளர்ப்பு ஊடகத்தில் ஒரு குப்பி, 37 டிகிரியில் ஒரு நாள் வையுங்கள். அடியில் கருப்பாகப் படிந்தால் திரும்பி மேற்பரப்புக்குப் போங்கள். செல் சோதனைக்குச் செலவழிக்க வேண்டாம்.

அப்புறம் செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்டிடி. எல்லோரும் செய்கிற சோதனை, கார்பனிடம் எல்லோரும் ஏமாறுகிற சோதனையும் இதுவே. செல் உயிரோடு இருந்தால் ஃபார்மசான் என்ற ஊதாப் படிகம் உண்டாகும், அதைக் கரைத்து நிறத்தை அளக்கிறோம். நானோகுழாய் அந்தப் படிகத்தைப் பற்றிக்கொண்டு கரைய விடாது. நிறம் குறையும், செல் செத்ததாகக் கணக்கு வரும். 2006-ல் ஒரு ஜெர்மன் குழு இதை விளக்கமாகக் காட்டியது. நேர்மாறாக, டாட் தானே ஒளியை உறிஞ்சி நிறத்தைக் கூட்டிக் காட்டவும் செய்யலாம். சோதனைத் தட்டில், செல்லே இல்லாத குழிகளில் உங்கள் பொருளையும் எம்டிடியையும் மட்டும் போட்டு ஒரு வரிசை வையுங்கள். கூடவே டபிள்யூஎஸ்டி போலக் கரையும் சாயம் தருகிற இன்னொரு சோதனையும், மைக்ராஸ்கோப்பில் நேராகப் பார்ப்பதும் வேண்டும். ஐஎஸ்ஓ 10993-5 விதிப்படி உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அது செல்லுக்கு நஞ்சு.

சிவப்பணு உடைகிறதா என்பது அடுத்தது. உப்புக்கரைசல் ஒரு பக்கம், முழுவதும் உடைக்கும் தண்ணீரோ ட்ரைட்டன் என்ற சோப்புப் பொருளோ மறுபக்கம், நடுவில் உங்கள் மாதிரி. 5 சதவீதத்துக்கு மேல் உடைந்தால் ரத்தத்துக்கு ஆகாது. நண்பனின் விரலைக் குத்தி எடுத்த ரத்தத்தில் செய்யாதீர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கித்தான் மனித ரத்தம். விலங்குச் சோதனைக்குக் கல்லூரியில் விலங்கு நெறிமுறைக் குழு இருந்தே ஆக வேண்டும். நானோமருந்துகளை எப்படி மதிப்பிட வேண்டும் என்று இந்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை 2019-ல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது, இணையத்தில் இலவசம். புராஜெக்ட் தலைப்பு வைக்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள்.

எண்டோடாக்சினை மறக்க வேண்டாம். இது பாக்டீரியாவின் தோல் துணுக்கு. 121 டிகிரி ஆட்டோகிளேவில் பாக்டீரியா சாகும், எண்டோடாக்சின் சாகாது. கண்ணாடிப் பாத்திரங்களை 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரமாவது வைத்தால்தான் போகும். டாட்டை 200 டிகிரியில் செய்தாலும், பிறகு ஐந்து நாள் டயாலிசிஸ் நடந்தபோது அது கலந்திருக்கலாம். செல்லில் அழற்சி தெரிந்தால் கார்பனைக் குற்றம் சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

மாதிரியை எடுத்துக்கொண்டு போவது

துகளின் உருவத்தைக் காட்டும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் (டெம்), மேற்பரப்பு அணுக்களைக் காட்டும் எக்ஸ்பிஎஸ், கார்பனின் கட்டமைப்பைக் காட்டும் ராமன் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற கல்லூரி நம் பக்கம் அரிது. அதற்காக மனம் தளர வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம். பாப்பனம்கோட்டில் மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் அமைப்பைச் சேர்ந்த நிஸ்ட் (NIIST) ஆய்வகம் இருக்கிறது, பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. கொச்சியில் குசாட் பல்கலைக்கழக வளாகத்தில் எஸ்டிஐசி என்ற கருவி மையம் இருக்கிறது. இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் இயக்குநராக இருந்த காலத்தில் ஸ்ரீ சித்திராவில் உருவான இதய வால்வு, ஒன்றன்பின் ஒன்றாகச் சில வடிவங்கள் தோற்றபின், 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உங்கள் மூன்றாவது தொகுதி தோற்றால் அந்த வாசலை நினைத்துக்கொள்ளுங்கள்.

போகும் முன் முன்பதிவு, துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம், மாதிரியின் பாதுகாப்புக் குறிப்பு. பொடியைக் கண்ணாடி வயலில் போட்டுப் பாராஃபிலிம் சுற்றி, அதை இன்னொரு ஜிப் பைக்குள் வையுங்கள். டெம்முக்கு நீர்த்த கரைசலாகக் கொண்டுபோவது பாதுகாப்பு. வயலின் மேல் வெறும் 'எஸ் 1' என்று எழுதாமல், தேதி, என்ன பொருள், எத்தனை நாள் கழுவியது என்று எழுதுங்கள். ஆய்வகக் கழிவைத் தனி கேனில் சேர்த்து வையுங்கள், சிங்கில் ஊற்றினால் அது கடைசியில் ஏதோ ஒரு குளத்துக்கோ பழையாற்றுக்கோதான் போகும்.

காசு ஒரு மாதிரிக்குத்தான் இருக்கிறது என்று ஜோடியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அப்படிப் போவதைவிட, இரண்டு வயல்களுக்கும் காசு சேரும்வரை ஒரு மாதம் காத்திருந்து, ஈடிசி போட்டதையும் போடாததையும் ஒரே நாளில் ஒரே கருவியில் கொடுங்கள்.